பள்ளம் ஊர்ப்பக்கம், நான் கத்தியது மலைப்பக்கம்

என் உயிரான மச்சானுக்கு, உங்கள் பேச்சி எழுதுவது.

நலமா என்று கேட்கப்போவதில்லை. செத்தவரிடம் நலம் விசாரிக்க எனக்கென்ன பைத்தியமா? கோபத்தில்தான் எழுதுகிறேன். இதை மடித்து உங்கள் படத்துக்குப் பின்னால் செருகி வைக்கவும் போவதில்லை. படிக்கிறவர்கள் எல்லாரும் படிக்கட்டும். என்னைப் பற்றி ஊர் பேசியபோது ஒருவரும் குரலைத் தாழ்த்திப் பேசவில்லையே, நான் மட்டும் ஏன் தாழ்த்த வேண்டும்?

முதலில் வீட்டுச் சேதி. ராசிங்காபுரத்துக்கு டி.வி. பெட்டி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போட்டால் தெருவில் ஒரு ஆள் இருக்காது. உங்கள் தம்பி சின்னக்காளை மேலே ஏலத்தோட்டத்து ஜீப் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டான். உங்களுக்குப் பிறகு நம் ட்ராக்டர் உழவுக்கு மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. புளியமரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்த ட்ரெய்லரை இந்த வருஷம் அவன் மறுபடி பூட்டினான். குரங்கணி அடிவாரத்திலிருந்து இலவங்காய் லோடு அடிக்கிறோம். நேற்று போடி பஞ்சு மில்லுக்குப் போனோம். அதே மில்லு, அதே மேடு.

இலவங்காய் லோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எடை கிடையாது, ஆனால் வைக்கோல்போர் மாதிரி உயரம். ட்ரைவர் திரும்பிப் பார்த்தால் சாக்கு மூட்டைதான் தெரியும். ட்ரெய்லரோ, நாம் ஒருபக்கம் ஒடித்தால் அது மறுபக்கம் போகிற சாதி. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று சொல்கிறவர்தான் ட்ரைவருக்குக் கண். நமக்குள் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. வலது, இடது என்று நான் சொன்னதே இல்லை. எதிரெதிரே நிற்கும்போது என் வலது உங்களுக்கு இடது, அந்தக் குழப்பமே வேண்டாம் என்றீர்கள். "மலைப்பக்கம்" என்பேன், ட்ரெய்லரின் வால் மலையைப் பார்த்து வரும். "ஊர்ப்பக்கம்" என்பேன், ஊரைப் பார்த்து வரும். எந்தக் களத்தில் நின்றாலும் மேற்கே மலை தெரியும். கல்யாணமான வருஷத்திலிருந்து நம் வண்டி பின்னால் வந்ததெல்லாம் என் குரலில்தான். ஒரு வாழைக்கன்றைக்கூட நாம் நசுக்கியதில்லை.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், பங்குனி மாதம். மில்லு வாசலிலிருந்து ரோடு வரைக்கும் வண்டிகள் நின்றன. காய் இறக்கும் மேடைக்குப் போகிற சாய்வு மேட்டில் ட்ரெய்லரைப் பின்னாலேயே ஏற்ற வேண்டும். மேட்டின் ஊர்ப்பக்கம் ஆழமான பள்ளம், ஓரத்துக்கு ஒரு கல்கூட வைக்கவில்லை. நான் வழக்கம்போலப் பின்னால் போய் நின்றேன்.

"ஏம்ப்பா, பொம்பள சொல்லித்தான் வண்டி எடுக்கிறியா? வெளங்கும்" என்றார் மில்லு மேஸ்திரி. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு லாரி க்ளீனர், "தாயி, நீ வீட்டுக்குப் போயி ஒலைய வையி" என்றான்.

நீங்கள் என்ன செய்தீர்கள் மச்சான்? நீங்களும் சிரித்தீர்கள். அசடு வழியச் சிரித்துவிட்டு, "பேச்சி, அங்கிட்டுத் தள்ளி நில்லு. அண்ணன்மாரு பாத்துக்கிருவாக" என்றீர்கள். நீங்கள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? இத்தனை வருஷமும் அந்தத் 'தள்ளி நில்லு'வை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பிறகு ஆளாளுக்கு நாட்டாமை. ஒருவன் "வா, வா, வா" என்றான். இன்னொருவன் "லெப்டுல ஒடி" என்றான். மாட்டுவண்டிக்காரர் ஒருவர், "முன்ன போயித் திரும்ப வாப்பா" என்றார். "வெரசா ஏத்துய்யா, எங்களுக்குச் சோலி இல்லையா" என்று வரிசையிலிருந்து ஆரன் வேறு. ட்ரெய்லர் டயர் பள்ளத்து ஓரத்துக்குப் போவதை நான் தள்ளி நின்று பார்த்தேன். "மலைப்பக்கம்! மச்சான், மலைப்பக்கம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர்களுடைய "வா, வா" நிற்கவில்லை. டயர் இறங்கியது. லோடு சாய்ந்து ட்ராக்டரையும் இழுத்துக்கொண்டு போனது. ஸ்டியரிங்குக்கு அடியில் நீங்கள் கிடந்தீர்கள். உங்கள் தலைமுடியெல்லாம் பஞ்சு.

உங்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பேச்சு மாறிவிட்டது. "நான் ஓல்டான், ஓல்டான்னு கத்துனேன், நிப்பாட்டல" என்றார் மேஸ்திரி. லாரி க்ளீனரும் ஓல்டான் சொன்னானாம். வண்டிக்காரரும் சொன்னாராம். "வா" என்று சொன்ன ஒருவனைக்கூடக் காணோம். அத்தனை பேர் நிறுத்தச் சொல்லியும் நீங்கள் ஏன் நிறுத்தவில்லை? அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். "அந்தப் பொம்பள என்னமோ மலை, மலைன்னு கத்துச்சு. அதுலதான் பய வெலவெலத்துப் போயிட்டான்." பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, அது போகட்டும். உங்கள் அம்மா, என் அப்பாவுடன் பிறந்த என் சொந்த அத்தை, அவரும் நம்பினார். "நீ வாயத் தொறந்துதான்டி எம்மகன் போனான்" என்றார். அன்றிலிருந்து என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. சோறு போட்டு வைத்தால் சாப்பிடுவார். சொம்பை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு தானே எழுந்து போய் மொண்டு குடிப்பார். அங்கே நின்றவர்களில் ஒருவராவது ஒருநாள் உண்மையைச் சொல்வார் என்று இலவு காத்த கிளியாக நானும் காத்திருந்தேன்.

இன்னொன்றும் உங்களிடம் கேட்க வேண்டும். சங்கிலி போட்டு ட்ராக்டரை இழுத்தபோது அதன் முன்சக்கரத்தைப் பார்த்தேன். எந்தப் பக்கம் ஒடித்தால் ட்ரெய்லரின் வால் மலைப்பக்கம் வருமோ, அந்தப் பக்கமாக முழுசாக ஒடித்திருந்தது. அப்படியென்றால் என் குரல் உங்களுக்குக் கேட்டதா? கேட்டும் ஏன் பிந்தினீர்கள்? அத்தனை இரைச்சலில் என் குரலைத் தேடிக்கொண்டிருந்தீர்களா? தேடுகிற தூரத்துக்கு என்னைத் துரத்தியது யார் மச்சான்?

நேற்றுக் காலையில் குரங்கணியில் லோடு ஏற்றிவிட்டுக் கயிறு கட்டும்போது சின்னக்காளை கேட்டான். "மதினி, தப்பா நெனைக்காதீக. அன்னைக்கு நீங்க என்னதான் சொன்னீக?"

பழி சுமத்தியவர்கள் எத்தனையோ பேர், ஆனால் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

"மலைப்பக்கம்னு சொன்னேன்."

"பள்ளம் எந்தப் பக்கம்?"

"ஊர்ப்பக்கம்."

அவன் கயிற்றை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "மேல எஸ்டேட்டு வளைவுல ஜீப்பு ட்ரெய்லர ரிவர்ஸ் எடுக்கறப்ப ரெண்டு பேரு சொன்னாலே நான் வண்டிய விட்டு எறங்கிருவேன் மதினி. அண்ணன் ஏன் எறங்கல?" என்றான். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்.

மில்லில் நேற்றும் அதே கூட்டம். அந்த மேஸ்திரி தலை நரைத்துப் போய் இன்னும் அங்கேதான் இருக்கிறார். நான் பின்னால் போனதும், "தள்ளிக்க தாயி, நாங்க பாத்துக்கிறோம்" என்றார். இரண்டு மூன்று பேர் "வா, வா" என்று ஆரம்பித்தும்விட்டார்கள். சின்னக்காளை எஞ்சினை நிறுத்தினான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான்.

"எங்க மதினி சொல்லாம இந்த வண்டி நகராது. லோடு இங்கனயே கெடக்கட்டும். மத்தவுக வாயத் தொறந்தா நான் டீ குடிக்கப் போயிருவேன்."

பின்னாலிருந்த லாரிக்காரன் ஆரன் அடித்தான். இவன் அசையவில்லை. கடைசியில் மேஸ்திரியே கையைக் காட்டி எல்லாரையும் அடக்கினார். அந்த மில்லு வாசல் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. செருமிக்கொண்டு தொடங்கினேன். "மலைப்பக்கம்... இன்னுங்கொஞ்சம் மலைப்பக்கம்... வரலாம், வரலாம்... ஓல்டான்!" ட்ரெய்லர் மேடையில் போய் ஒட்டி நின்றது.

மேஸ்திரி என் பக்கத்தில் வந்து, "அன்னைக்கும் இதத்தான் சொன்னியா தாயி?" என்றார்.

"இதேதான் சொன்னேன். நீங்க கேக்க விடல" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு தராசுப் பக்கம் போய்விட்டார். போகட்டும். அவர் குனிந்த தலையை வைத்து நான் என்ன செய்ய?

வீட்டுக்கு வந்ததும் சின்னக்காளை அத்தை முன்னால் போய் நின்றான். "ஆத்தா, பள்ளம் ஊர்ப்பக்கம், மதினி கத்துனது மலைப்பக்கம். நீயே ரோசிச்சுப் பாரு" என்றான். அத்தை விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "பேச்சி, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றார். கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சொம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. என் கோபம் தீரவில்லை மச்சான். ஊர்மேல் உள்ளது ஒருவேளை தீர்ந்துவிடும். உங்கள்மேல் உள்ளது தீராது. நேற்று மில்லில் உங்கள் தம்பி சொன்ன அந்த ஒரு சொல்லை அன்றைக்கு நீங்கள் சொல்லியிருந்தால், இந்தக் கடிதத்தை எழுத வேண்டிய வேலையே எனக்கு இல்லை. நீங்கள் இந்நேரம் டி.வி. முன்னால் உட்கார்ந்து என்னைத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். நம் ட்ரெய்லர் இனி எந்த மேட்டில் ஏறினாலும் பின்னால் நான்தான் நிற்பேன். யார் சொன்னாலும் தள்ளி நிற்க மாட்டேன். நீங்களே எழுந்து வந்து சொன்னாலும் நிற்க மாட்டேன்.

இப்படிக்கு,
இருந்த இடத்தைவிட்டு நகராத உங்கள் மாமன் மகள்,
பேச்சியம்மாள்