நாய்க்கு என்று போகும் சோறு

வெள்ளவத்தை,
1998 ஆவணி.

அன்புள்ள மகள் ஜெகதீஸ்வரிக்கு,

பிள்ளையார் துணையில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் நோ மட்டும் விட்டபாடில்லை, நீயும் அங்கே குளிரில் இருமிக்கொண்டு திரியாமல் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். தபாலில் போவதை யார் யார் வாசிக்கிறார்களோ, அதனால் லண்டனில் இருக்கிற தன் தங்கையைப் பார்க்க வரும் கொட்டாஞ்சேனை மாக்ரெட்டிடம் பைபிளுக்குள் வைத்துக் கொண்டுவரச் சொல்லி இதைக் கொடுத்திருக்கிறேன், வாசித்ததும் கிழித்துப் போடு. பிரதாபன் என்றொரு பெடியன் வருவான், நம்முடைய சாப்பாட்டுக் கடையைப் பற்றிக் கேட்பதையெல்லாம் சொல்லுங்கோ என்று நீ எழுதின கடிதம் அவன் வந்து போன பிறகுதான் கைக்கு வந்தது, அதுவும் உறை ஒட்டின இடம் கசங்கி, யாரோ திறந்து பார்த்தது போல. அதற்குள் இங்கே நடந்த கூத்தைக் கேள்.

ஒரு நாள் காலை பையும் பென்சிலுமாக வந்து நின்றான். உங்கட மகளோட லண்டனில படிக்கிறன் அன்ரி, வீடுகளுக்குச் சாப்பாடு அனுப்புற கடையில செய்தி எப்பிடிப் போகுது எண்டு நாங்கள் ரெண்டு பேரும் படிப்புக்கு ஒரு படம் கீறோணும், பிறகு அந்த வேலையைக் கம்பியூட்டர் செய்யும் என்றான். யார் சோறு கேட்கிறது, யார் எழுதுகிறது, எங்கே வைக்கிறது, யார் கொண்டுபோகிறது, எல்லாவற்றுக்கும் ஒரு வட்டம், ஒரு அம்புக்குறி. நீயே சொல்லு, இந்த நாளில் கொழும்பில் ஒரு தமிழ்க் கடைக்குள் வந்து எந்த விலாசத்துக்கு எத்தனை பேர் சோறு என்று கேட்பவன் மாணவனா? சோதித்துப் பார்ப்போம் என்று, என்ர மகள் அங்க சமைக்கிறவளோ என்று கேட்டேன். ஓம் அன்ரி, நல்லாச் சமைப்பா என்றான். சுடுதண்ணி வைக்கவும் தெரியாத உன்னை! அதோடு சந்தேகம் இரண்டு மடங்காகிவிட்டது. அப்பாவைத் தெரியும்தானே, அவர் தேத்தண்ணியும் வடையும் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். நான் கண்ணைக் காட்டினேன், பார்சல் கொண்டுபோகிற அழகுமுத்து புரிந்துகொண்டு, எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க என்று சைக்கிளைத் துடைக்கத் தொடங்கிவிட்டான்.

ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பாய். இங்கே வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில் ஒரு பள்ளிக்கூட ரீச்சர் இருக்கிறா, பெயர் எழுத மாட்டேன். பொலிஸ் பதிவில் அந்த வீட்டில் அவ ஒருத்திதான். உள்ளே வன்னியிலிருந்து வந்த ஒரு தாயும் நாலு பிள்ளைகளும் இருக்கிறார்கள், கொழும்பில் தங்கப் பாஸ் இல்லை, பதியவும் வழியில்லை, பிடித்தால் தாயை எங்கே கொண்டுபோவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அங்கே நிறையச் சமைத்தால் பக்கத்து வீட்டுக்கு வாசம் போகும். அதனால் ரீச்சருக்கு ஒரு பார்சல், மற்ற ஐந்து பேருக்கும் வாளிக்குள் சோறு, மேலே வாழையிலை போட்டு அதற்கு மேல் மிச்சம் மீதி. செக்பொயின்ற்றில் கேட்டால் நாய்க்கு என்று அழகுமுத்து சொல்லுவான். வாளிக்குள் கை விட ஆமிக்காரனுக்கு அருவருப்பு.

இந்தப் பெடியன் இரண்டாம் நாள் பானையையும் பார்சலையும் பார்த்துவிட்டு, அன்ரி, உள்ள வாறதும் வெளிய போறதும் ஒத்து வரோணும், ஐஞ்சு பேரின்ர சோறு எங்க போகுதெண்டு காணேல்லை என்றான். இவன் சீ.ஐ.டிதான் என்று முடிவெடுத்து அன்றைக்கே வாளியை நிறுத்தினேன். மறுநாள் மத்தியானம் ரீச்சர் தானே கடைக்கு வந்துவிட்டா. மெல்லிய குரலில், சின்னது சோறு கேக்கிறதையும் விட்டிட்டுது அன்னபாக்கியம் என்றா. பானையில் சோறு இருந்தது பிள்ளை. ஆனால் அவன் பென்சிலோடு பக்கத்து மேசையில் இருக்கிறான், நான் என்ன சொல்ல, பார்சல் முடிஞ்சுது ரீச்சர், நாளைக்கு வாங்கோ என்று அனுப்பிவிட்டேன்.

ரீச்சர் சொன்னதைக் கேட்டதும், முன்பு அழகுமுத்து கொண்டுபோன வாளி எதற்கென்று அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். கீறினதைக் கிழித்துப்போட்டுப் புதிதாக ஒன்று கீறி என் கையில் தந்தான். அதில் ரீச்சரின் ஒழுங்கையே இல்லை, வாளியும் இல்லை. அந்த ஐந்து பேரின் சோறும் கடை ஆட்கள் என்ற வட்டத்துக்குள் போகிறது, பக்கத்தில் அழகுமுத்து என்று எழுதியிருக்கிறான். ஈர்க்குச்சி போல இருக்கிற மனிசன் ஆறு பேர் சாப்பாடு சாப்பிடுகிறானாம்! இப்ப சரியா வருது அன்ரி, நான் வெளிக்கிடுறன், நீங்கள் வாளியை அனுப்புங்கோ என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினான். அப்போதும் நான் அவனை நம்பவில்லை, பொறியாக இருந்தாலும் இருக்கும் என்றுதான் நினைத்தேன். அந்தச் சின்னதை நினைத்துத்தான் வாளியை நிரப்பினேன். அழகுமுத்து வெறும் வாளியோடு திரும்பி வரும்வரை வாசலை விட்டு நகரவில்லை. வந்த பிறகு குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதேன்.

உன் கடிதம் வந்த பிறகு அவனில் இருந்த சந்தேகம் தீர்ந்தது, உன்னில் தொடங்கியிருக்கிறது. லீவில் ஊர் பார்க்க வந்தவன் மூன்று நாளும் எங்கள் புகைக்குள் இருந்தது வெறும் படிப்புக்குத்தானா என்று ஒளிக்காமல் எழுது, அப்பாவுக்கு நான் பக்குவமாகச் சொல்லுவேன்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் வாத்தியார் கெட்டிக்காரர் என்றால் ஒரு ஆள் இவ்வளவு சோறு சாப்பிடுவானா என்று கேட்பார். கேட்டால் வாய் திறக்காதே, பாடத்தில் புள்ளி போனால் போகட்டும். அந்தப் படம் பிழையாக இருக்கும்வரைக்கும்தான் அந்தப் பிள்ளைகள் சாப்பிடும்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா அன்னபாக்கியம்.