திகதி மாறிய விருந்து

அன்புள்ள அக்கா,

கீழ்வீட்டிலிருந்து கோதுமை வேகும் வாசம் படியேறி வந்துவிட்டது. உங்கள் மகள் அடுப்பை மூட்டிவிட்டாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் கசகசா அரைப்பாள், தேன் விடுவாள். இன்று டிசம்பர் இருபத்துநான்கு. விடிந்தால் இயேசு பிறந்த நாள், நீங்கள் இல்லாத முதல் நத்தார்.

நீங்கள் உக்ரைனிலிருந்து மகளோடு ஜெர்மனியின் ஹம் நகருக்கு வந்து கீழ்வீட்டில் குடியேறியபோது, நமக்குப் பொதுவாக இருந்தது அரைகுறை ஜெர்மன் மட்டும்தான். உங்கள் ஜெர்மன் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்தது. அதை வைத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில், உங்கள் மக்களின் ஆயிரம் வருடக் கதையையும் சொல்லி முடிக்கப் பார்ப்பீர்கள். கீவ் நகரத்துப் பழைய அரசர்களில் தொடங்குவீர்கள். கோசாக் குதிரைவீரர்களிடம் வந்து சேர்வதற்குள் பேருந்து வந்துவிடும். மறுநாள் மறுபடி அரசர்கள்! எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் ஆள வந்தவர்கள் உங்களைத் தனி மக்களினமே இல்லை என்று சொன்ன இடம் வந்தால் சிரிப்பு நின்றுவிடும். அது எனக்கும் தெரிந்த கதை.

அடுத்த வருடம் உங்கள் நாட்டில் நத்தாரை ஜனவரி ஏழிலிருந்து டிசம்பர் இருபத்தைந்துக்கு மாற்றினார்கள். மொஸ்கோவின் நாட்காட்டி இனி வேண்டாம் என்று முதலில் கைதட்டியவர் நீங்கள். அப்படிப்பட்டவர் இரண்டு நாள் கழித்து முகம் வாடி என் சமையலறையில் வந்து உட்கார்ந்தீர்கள்.

நத்தாருக்கு முதல்நாள் மாலை, இறந்தவர்களுக்கென்று கோதுமைக் கிண்ணமும் கரண்டிகளும் மேசையில் விடுவது உங்கள் வழக்கம். சோவியத் ஆட்சி நத்தாரைத் தடைசெய்திருந்த காலத்திலும் உங்கள் அம்மா திரைச்சீலையை இழுத்துவிட்டு அதைச் செய்தாராம். மொஸ்கோ ஆட்சி தானியத்தை அள்ளிக்கொண்டு போன பஞ்சத்தில் அவருடைய சின்னத் தம்பிகள் பசியில் செத்துப்போனார்கள். அந்தக் கிண்ணம் அவர்களுக்கானது; அம்மா போனபின் அம்மாவுக்கும்.

"அம்மாவுக்கு ஜனவரிதான் தெரியும். திகதி மாறினதை அவவுக்கு ஆர் சொல்லுறது? ஜனவரியில தம்பிமாரையும் கூட்டிக்கொண்டு வந்து வெறும் மேசையைப் பார்த்தா? பசியில செத்த பிள்ளையள்" என்றீர்கள்.

அன்றுதான் உங்களிடம் என் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். போரில் காணாமல் போனவர்.

"அண்ணை எண்டைக்குச் செத்தார் எண்டு எங்களுக்குத் தெரியாது அக்கா. ஆடி அமாவாசையில படைக்கிறம். அந்த நாளை நாங்கள் அவருக்குச் சொல்லவும் ஏலாது. வருவார் எண்டு நம்பித்தான் படைக்கிறம். நீங்களும் டிசம்பரில வையுங்கோ. ஜனவரியில நான் வைக்கிறன்."

வைத்தேன். கோதுமைக்குள் துருவிய தேங்காய்ப்பூவும் போட்டுவிட்டேன். ஒரு வாய் ருசி பார்த்து, "இதைச் சாப்பிட்டா அம்மா வேற வீட்டுக்கு வந்திட்டன் எண்டு திரும்பிப் போயிடுவா" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். பிறகு முழுவதையும் நீங்களே சாப்பிட்டு முடித்தீர்கள். வருடாவருடம் அப்படியே நடந்தது, டிசம்பரில் உங்கள் மேசை, ஜனவரியில் என் மேசை.

இந்தக் கோடையில் நோய் உங்களைக் கொண்டுபோய்விட்டது. நேற்று உங்கள் மகளைப் படியில் கண்டேன். இந்த ஜனவரியிலும் நான் கிண்ணம் வைக்கட்டுமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அப்படியே உங்கள் சிரிப்பு.

"இனித் தேவையில்லை. அம்மாவுக்குப் புதுத் திகதி தெரியும்தானே? மற்றவையை அவ கூட்டிக்கொண்டு வருவா."

இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மக்களினத்தார் தங்கள் நாளைத் தாங்களே குறித்துக்கொண்டார்கள். இறந்தவர்களும் அதைக் கைவிடமாட்டார்கள் என்று உங்கள் மகள் நம்புகிறாள். நானும் நம்புகிறேன். ஆடி அமாவாசைகளில் இத்தனை வருடம் கிடைக்காத ஒரு தைரியம் எனக்கு நேற்றுக் கிடைத்தது, அக்கா.

இருட்டத் தொடங்கிவிட்டது. உங்கள் மகள் கீழேயிருந்து கூப்பிடுகிறாள். வரும் வழியில் என் அண்ணனைக் கண்டால் அவரையும் அழைத்து வாருங்கள். உயரமானவர், கூச்சப்படுவார். அவருக்கும் ஒரு கரண்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.