மட்டம் பார்த்த வாரம்

அக்டோபர் 7, 1997. செவ்வாய்
மூட்டம். மழை இல்லை, புழுக்கம்தான். மாம்பலத்திலிருந்து அடையாறு வரை பஸ்ஸில் நின்றபடி.

கிளப் புல்தரை கெட்டுவிட்டது. உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டு மெஷின் போன தடமெல்லாம் இடது பக்கம் மொட்டை, வலது பக்கம் முடி. பாதி சலூனில் எழுந்து வந்த தலை. ஞாயிறு ஆண்டு விழாவுக்கு அங்கேதான் நாற்காலி. செக்ரட்டரி: "மறுபடி இப்படி இருந்தா தயாளனை வேலையை விட்டு அனுப்பிடலாம்." ஓட்டுவது தயாளன். மெஷின் பராமரிப்பு நான்.

வீட்டில் கொலு. காராமணி சுண்டல், உப்பு கம்மி. சொல்லவில்லை.

8, புதன்
வெயில். மெஷினுக்கு அடியில் தொங்கும் டெக், அதாவது பிளேடுகளை மூடியிருக்கும் இரும்புத் தட்டு, சரிந்திருக்கிறது. ஷெட்டில் நிறுத்தி பிளேடு நுனியிலிருந்து தரை வரை அளந்தேன். இடது பக்கம் அரை அங்குலம் தாழ்வு. நட்டைத் தளர்த்தி இடதைத் தூக்கினேன். திரும்ப அளந்தால் இரண்டு பக்கமும் ஒன்று. முழங்கை வரை கிரீஸ். திருப்தி.

பூஜைக்கு மெஷினைக் கழுவி வைக்கும்படி தயாளனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

9, வியாழன்
கிளப்புக்குப் பின்பக்கப் புல்லில் சோதனை வெட்டு. இன்று வலது பக்கம் மொட்டை. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. செக்ரட்டரி பார்த்துவிட்டார்.

"மெஷின்ல கோளாறா, ஆள்கிட்ட கோளாறா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்கோ."

"மெஷின் மட்டமா இருக்கு சார். நானே அளந்தேன்."

தயாளன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். "நேராத்தான் ஓட்டிக்கினு போனேன் சார்." செக்ரட்டரி தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

வாங்க வேண்டியது: பொரி, எலுமிச்சை, வாழைக்கன்று.

10, வெள்ளி. ஆயுத பூஜை
ஷெட்டில் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஸ்பேனருக்கு, மண்வெட்டிக்கு, என் அளவுகோலுக்குக்கூட. மெஷினுக்கு மாலை. கற்பூரம் காட்டும்போதுதான் கண்ணில் பட்டது. பின்சக்கரத்தில் இடது டயர் கல் மாதிரி, வலது டயர் எப்போதும் போல மெத்தென்று.

"இடது டயருக்குக் காத்து அடிச்சியா?"

"புதன்கிழமை நீங்க போனப்புறம் சார். களுவும்போது பாத்தேன், இறங்கிக் கீது. பூஜைல நிக்கிற வண்டி இன்னாத்துக்கு நொண்டணும்? சைக்கிள் கடைல பம்பு வாங்கியாந்து அடிச்சேன்."

ஆக, நான் அளந்தது காற்று இறங்கிய டயர்மேல் நின்ற வண்டியை. டெக் சரியவே இல்லை, வண்டிதான் சரிந்திருந்தது. ஒழுங்காக இருந்ததைத் தூக்கிக் கோணலாக்கினவன் நான். அளப்பதற்கு முன் காற்று பார்க்க வேண்டும். பார்க்கவில்லை.

ஸ்பேனரில் கை வைத்தேன். "பூஜைல வெச்சத எடுக்கக் கூடாது சார். நாளிக்கி பாத்துக்கலாம்," என்றான் தயாளன். எடுக்கவில்லை. செக்ரட்டரி வீட்டுக்கு போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

11, சனி. விஜயதசமி
காலையில் மறுபூஜை முடித்து ஸ்பேனரை எடுத்தேன். பெட்ரோல் பங்கில் காற்று பார்க்கும் மீட்டர் கடன். இரண்டு டயருக்கும் ஒரே காற்று. டெக்கைப் பழைய இடத்துக்கே இறக்கினேன். மட்டம் சரி.

எலுமிச்சையை நசுக்கிக்கொண்டு வண்டி வெளியே வந்தது. ஓட்டியது தயாளன் இல்லை. செக்ரட்டரி வேறு எங்கிருந்தோ பிடித்து வந்த ஆள். வெட்டி முடித்ததும் தரை பாய் விரித்தது போல.

"பாத்தேளா? ஆளை மாத்தினதும் எப்படி ஆயிடுத்து."

"தப்பு என்னோடது சார். டயர்ல காத்து பாக்காம அளந்துட்டேன். தயாளன் மேல ஒண்ணும் இல்லை."

"உங்களுக்குப் பெரிய மனசு," என்று தோளில் தட்டினார். மறுபடியும் சொன்னேன். அதற்குள் பந்தல்காரர் கூப்பிட, போய்விட்டார்.

12, ஞாயிறு
சாயங்காலம் தூறல். நின்றுவிட்டது. விழா நடந்தது. காபி சுமார். புல்தரை பிரமாதம் என்று நிறைய பேர் கை கொடுத்தார்கள், எனக்கு. வெட்கமாக இருந்தது.

தயாளனுக்கு கேட் பக்கம் கார் நிறுத்துகிற வேலை. இன்றைக்கு மட்டும். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டதாம். போய்ப் பக்கத்தில் நின்றேன். அவன்தான் பேசினான்.

"இங்கேர்ந்து பாத்தா நல்லா மட்டமா கீது சார்."

"ம்."

"இடது டயரு மறுபடி இறங்கும். பஞ்சர் கீது போல. புது ஆளாண்ட சொல்லிடுங்க."

ஒரு கார் வந்தது. விசில் ஊதிக்கொண்டு போனான்.