கட்டுமரத்துக்கு ஒத்துவராத மாத்திரை

அன்புள்ள அண்ணே,

வரிசை போடாமல் எனக்கு எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும். பழைய குறிப்பு நோட்டில் இருந்தபடியே எழுதுகிறேன்.

1. சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கிய மாத்திரை.
2. சிறுநீர்ப்பையின் கழுத்தைத் தளர்த்திய மாத்திரையும் அது தந்த தலைசுற்றலும்.
3. அந்த இரண்டாவது மாத்திரையை நீங்கள் பயந்து நிறுத்தியது.

நேற்றுக் காலை கட்டிலிலிருந்து எழுந்தபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அருகில் நின்ற மனைவியின் தோளைப் பிடித்தேன். அவள் கையிலிருந்த காப்பி என் வேட்டியில் கொட்டியது. மேசைமேல் என் மாத்திரை அட்டை கிடந்தது. உங்களுக்கு அன்று நான் எடுத்துக் கொடுத்த, தலைசுற்றல் தந்த அந்த மாத்திரையின் வாரிசுதான் இது. உடனே உங்கள் நினைவு வந்துவிட்டது.

எழுபதுகளில் செங்கல்பட்டில் ஒரு சின்ன மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் வந்தீர்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். கிருமிக்கு ஒரு மாத்திரை, எரிச்சலுக்கு ஒன்று. எரிச்சலுக்கானது, சிறுநீர்ப் பாதையின் உட்புறத்தை மரத்துப்போகச் செய்யும். கிருமியை ஒன்றும் செய்யாது. அதோடு அது ஒரு சாயம். அதைச் சொல்லியிருக்க வேண்டும். வரிசையில் பெண்கள் நின்றதால் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் மனைவியோடு வந்து நின்றீர்கள்.

“இன்னா மருந்து சார் குட்த்த? ரத்தமோன்னு பயந்துட்டேன்.”

“ரத்தமாவது! கேசரி பவுடர் கரைச்சா மாதிரி கீது. வேட்டிய மூணு வாட்டி தோச்சிட்டேன், போவல,” என்றார் உங்கள் மனைவி. வரிசையே சிரித்தது. எல்லாரையும்விட நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள். அன்று டீக்கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனதிலிருந்து நாம் சிநேகிதர்கள்.

எரிச்சல் போயிற்று; ஆனால் சிறுநீர் நூல்போலத்தான் வந்தது. வயதாகும்போது சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சுற்றியுள்ள சுரப்பி பெருத்து, அங்குள்ள தசையும் இறுகிக்கொள்ளும். அந்தத் தசையைத் தளர்த்தத்தான் புது மாத்திரை எழுதினார்கள்.

“மாத்திரைய வாயில போடறேன். கீழ போறதுக்கு அதுக்கு எப்டி சார் வழி தெரியுது?” என்று கேட்டீர்கள்.

எனக்குப் படிப்பு சொல்லிக்கொடுத்தவர்கள்கூட இப்படிக் கேட்டதில்லை. அதற்கு வழி தெரியாது என்றேன். ரத்தத்தோடு உடம்பெல்லாம் போகும், தனக்குப் பொருந்துகிற இடத்தில்தான் ஒட்டிக்கொள்ளும்.

“அப்ப வல மாதிரி சொல்லு. தண்ணியெல்லாம் பூந்து போவுது, கண்ணுக்கு ஏத்தது மட்டும் மாட்டிக்குது.”

அதேதான் அண்ணே. ஆனால் அதே பொருத்தம் ரத்தக் குழாய்களின் சுவரிலும் உண்டு. நாம் எழுந்து நிற்கும்போது அந்தக் குழாய்கள் சற்று இறுகினால்தான் தலைக்கு ரத்தம் போய்ச் சேரும். மாத்திரை அவற்றையும் தளர்த்திவிடுவதால் தலை சுற்றுகிறது. “ராத்திரி படுக்கும்போது போட்டுக்குங்க. எழுந்திருக்கும்போது உட்கார்ந்து அறுபது எண்ணிட்டு எழுந்திருங்க,” என்று படித்ததை ஒப்பித்தேன்.

“நாலு மணிக்கு மரத்த தள்ளணும் சார். அலையில எழுந்து நின்னு துடுப்பு போடணும். நான் அறுபது எண்ற வரிக்கும் நில்லுன்னு அலையாண்ட சொல்ல முடியுமா?”

நான் சிரித்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை. கரையில் படுத்து எழுகிறவர்களுக்கு எழுதிய அறிவுரையைக் கட்டுமரக்காரருக்குக் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து, சிறுநீர் அடைத்து, வயிறு பானைபோல் வீங்கி, பஸ்ஸின் கடைசி சீட்டில் படுத்தபடி வந்தீர்கள். குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்தார்கள். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

“மரத்துல ரெண்டு பேரு சார். மச்சானுக்கு ஒரு கை தூக்க வராது,” என்றீர்கள்.

வலியில் ஏதோ வீட்டுக்கதை பேசுகிறீர்கள் என்று நினைத்தேன். ‘தலைசுற்றலுக்குப் பயந்து நிறுத்தினார்’ என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அதே மச்சானோடு பல வருஷம் கடலுக்குப் போனீர்கள். அந்த வரியைத் திரும்பப் படிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

நேற்று காப்பி கொட்டியதும் என் மனைவி சொன்னாள்: “சொல்லிட்டுப் பிடிக்கக் கூடாதா? நானும் இல்ல சேர்ந்து விழுந்திருப்பேன்?” அவளுக்கு முழங்கால் வலி.

இதை எழுதிக்கொண்டு வரும்போதுதான் அவள் சொன்னதையும் அன்று நீங்கள் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். விழுந்தால் நீங்கள் நீந்தி வந்திருப்பீர்கள். ஒற்றைக் கையோடு, திருப்ப முடியாத மரத்தில், அலைக்கு நடுவே தனியாக மாட்டிக்கொள்வது மச்சான்தான். அவருக்காகத்தான் அந்த வயிற்றைச் சுமந்தீர்கள்.

இன்று காலை அறுபது எண்ணினேன். பிறகு அவள் தோளை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். மேலே மூன்றாவதாக எழுதியிருப்பது தவறு, அண்ணே.