பதினெட்டு வருடத்துச் செல்கள்

ஜனவரி 5, திங்கள்

விடுமுறை முடிந்து மறுபடி இயக்குநர் நாற்காலி. வரவேற்பறையில் பன்னிரண்டு நாளாகக் காய்ந்த பூங்கொத்து அப்படியே நிற்கிறது. அதைத் தூக்கிப்போட ஒரு குழு அமைக்க வேண்டும் போலிருக்கிறது. புற்றுநோயை ஒழிக்க வந்த கூட்டம் இது!

துணை இயக்குநர் இளித்துக்கொண்டே, "நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களா மேடம்?" என்றார். அவருக்கு வருடம் முழுக்க ரெஸ்ட்தான்.

அடுத்த மாதம் எங்கள் மருந்து முதல் நோயாளிக்கு ஏறுகிறது. பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரு கணையப் புற்றுக் கட்டியிலிருந்து என் கையாலேயே பிரித்து வளர்த்த செல்களில் சோதித்த மருந்து. இந்த மந்தையை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்ததே பெரிது.

ஜனவரி 6

செல் வளர்ப்பு அறையைப் பார்த்துக்கொள்பவள் வந்து நின்றாள். எறும்பு என்பது நான் வைத்த பெயர். விடுமுறையில் நம் செல்களை, அவை எந்தப் புற்றின் செல்கள் என்று பார்க்கும் அடையாளப் பரிசோதனைக்கு அனுப்பினாளாம்.

"லேப் காலியா இருந்துச்சு மேடம். ரொம்ப நாளா செய்யாத வேலை, முடிச்சிரலாம்னு..."

"உன்னை யாரு கேட்டா?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

ஜனவரி 9

முடிவு வந்துவிட்டது. அவை கணையச் செல்களே இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுச் செல்கள். எல்லா ஆய்வகத்திலும் கிடக்கிற ரகம். ஒரு சொட்டு தவறி விழுந்தால் போதும், பக்கத்துக் குடுவையையே தின்று தீர்த்துவிடும்.

"நீ சாம்பிளை மாத்தியிருப்பே."

"மூணு தடவை அனுப்பினேன் மேடம். முதல் வருஷம் நீங்க உறைய வச்ச குப்பியையும் சேர்த்து."

அப்படியானால் நான்தான். இரண்டு வகைச் செல்களுக்கும் ஒரே பாட்டிலிலிருந்து ஊட்டத்திரவம் ஊற்றியிருக்கிறேன். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தானே? இல்லை. அவசரக்காரர்கள் மட்டும்தான்.

ஜனவரி 12

துணை இயக்குநர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "எலியில வேலை செஞ்சுச்சே மேடம்! முதல்ல ஆரம்பிச்சிடலாம், அப்புறமா ஒரு திருத்தம் போட்டுக்கலாம்."

எலிக்குள் வைத்ததும் அதே செல்தான் என்று தெரியாத மரமண்டை. தெரிந்தே சொன்னால் இன்னும் கேவலம்.

காலையில் குளிக்கும்போது இதே யோசனை எனக்கும் வந்தது. அவர் வாயில் கேட்டபோதுதான் நாறியது. த்தூ.

ஜனவரி 13

மருந்துச் சோதனையை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். இயக்குநர் பதவியிலிருந்து மட்டும் விலகுவதாகக் கடிதத்தையும் வைத்தேன். வீட்டில் அவர் ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "அந்த நோயாளிங்ககிட்ட யாரு சொல்லப்போறா?" என்கிறார். முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது.

ஜனவரி 14

முதல் நோயாளி ஒரு பேருந்து ஓட்டுநர். நம் மருந்துக்காகப் பழைய சிகிச்சையை மூன்று வாரமாக நிறுத்தி வைத்திருக்கிறார். நாங்கள் நிறுத்தச் சொன்னோம்! நானே போன் செய்தேன். என் தப்பு என்றும் சொன்னேன்.

"அப்ப பழைய மருந்தையே போட்டுக்கவா டாக்டர்?"

"இன்னைக்கே போய் ஆரம்பிங்க."

"சரிங்க. நீங்களே கூப்பிட்டுச் சொன்னீங்களே, அது போதும்."

ஏசித் தொலைத்திருக்கலாம் மனிதர். ஏன் ஏசவில்லை? கழிவறையில் போய் அழுதேன். வெளியே இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எருமைகள்.

ஜனவரி 15

வேலை ஓடவில்லை.

ஜனவரி 23

ஓட்டுநரின் மனைவி போன் செய்தார். "அவருக்கு வியாழக்கிழமை மறுபடி ஊசி குத்திச் சதை எடுக்கிறாங்க. உங்க ஆராய்ச்சிக்கு அதுல கொஞ்சம் ஆகுமான்னு கேக்கச் சொன்னாரு."

"ஆகும்மா," என்றேன்.

ஜனவரி 29, வியாழன்

துணை இயக்குநர் என் அறையில் உட்கார்ந்து திரைச்சீலை நிறம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கட்டும்.

ஓட்டுநரின் திசு பத்தரைக்கு வந்தது, அரிசிமணி அளவு. எறும்பு எழுந்து எனக்கு நாற்காலியை விட்டார். நான் உட்காரவில்லை.

"நீங்களே பிரிங்க," என்றேன். "நான் நின்னு பாத்துக்கிறேன்."