காதுமூடிக்குள் விழுந்த சொல்

மச்சான்,

நேற்று உன் வீட்டுக்காரி உன்னுடைய செம்மஞ்சள் காதுமூடியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். அதன் பஞ்சில் இன்னும் துப்பாக்கிக்குப் போடும் துவக்கெண்ணெய் மணக்கிறது.

"அவர்ட சாமான், நானா. நீங்களே வெச்சிக்கங்க," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னவர், தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டார்: "அந்த மெல்லிய துவக்குல அவருக்குச் சரியான ஆசை. பொறகு ஏன் வேணாமெண்டு ரெண்டு பேரும் எழுதிக் குடுத்தீங்க?"

தேத்தண்ணி சுடுகிறது என்று சொல்லித் தப்பினேன். அது ஆறி வெகுநேரமாகியிருந்தது. கற்பிட்டியில் யார் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு போனார்கள் என்பதை அவர்களுக்கு முன்பே சொல்லிவிடுகிற வாய் இது. இந்த ஒன்றை மட்டும் மூன்று வருடமாகப் பூட்டி வைத்திருக்கிறது.

உப்பளத்துக்கு அப்பால், மணல் அணை கட்டிய நம் சுடுதளம். நம் துவக்குச் சங்கத்துக்கு இரண்டு குட்டை ரைபிள்கள் பரீட்சைக்கு வந்திருந்தன. இரண்டுக்கும் கைத்துப்பாக்கி ரவைதான். பொழுதுபோக்காகச் சுட வருகிறவர்களுக்கு எது தோது என்று ஒப்பிட்டு எழுதும் பொறுப்பை நம்மிடம் தந்தார்கள். பாரமான துவக்கு, சனம் நெரிந்த பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவரைப் போலத் தோளை இடித்தது. விசையையும் நன்றாக இழுக்கவேண்டும். மெல்லியதன் பொறி வேறு விதம், உதைப்பதே தெரியவில்லை. விசையைத் தொட்டாலே போதும். "பூனைக்குட்டி மச்சான் இது," என்று நீ அதைத் தடவினாய்.

பிறகு இடப்பக்கக் குறி அட்டையை மாற்றப் போனாய். ஆள் முன்னால் நின்றால் துவக்கு வெறுமையாக மேசையில் கிடக்கவேண்டும் என்பது சட்டம். குறிபார்க்கும் துளையைச் சும்மா பார்க்கலாமென்று, ரவை கழற்றாத மெல்லியதை எடுத்தேன். ஒரு கண் மூடியிருந்தது. நீ திரும்பி வந்து பின்னால் நிற்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

"துவக்கு! துவக்கக் கீழ வை!" என்று கத்தியிருக்கிறாய். காதுமூடிக்குள் முதல் சொல் மட்டும் விழுந்தது. நம் பேச்சில் ஆயுதத்துக்கும் தொடங்கச் சொல்வதற்கும் ஒரே சொல்தானே! நான் துவக்கிவிட்டேன். இரண்டு வெடி.

கண்ணைத் திறந்தால், மணலில் உன் நீலச் சேட் குப்புறக் கிடந்தது. யா அல்லாஹ்! நீ எழும்பும் வரை எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மணலைத் தட்டிக்கொண்டு வந்தாய். துவக்கை வாங்கி ரவையைக் கழற்றினாய். உதடு வெளுத்திருந்தது.

"சுட்டது சரி, அட்டையிலயாவது பட்டிச்சா?"

பிறகு சங்கத்துக் குறிப்புக் கொப்பியில் எழுதினாய்: "மெல்லியது: விசை மிக இலேசு. புதியவர்களுக்கு ஆகாது."

"பன்னிரண்டு வருசமாச் சுடுறன். நான் புதியவனா?"

"இண்டையில இருந்து ஓம். வீட்ட வாய தொறந்திராத, அவ பயந்திருவா."

அடுத்த வருடம் இதயம் நின்று நீ மௌத்தானாய். அது எந்த நாளில் பழுதாகத் துவங்கியது என்று டாக்குத்தரிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. இன்றும் இல்லை. பள்ளிவாசல் கூட்டத்தில் "பேச்சத் துவக்குங்க" என்று யாரும் சொன்னால் நான் எழும்பி வெளியே போய்விடுகிறேன்.

கொப்பியைத் திருத்தவேண்டும், மச்சான். விசையில் ஒரு குறையும் இருக்கவில்லை. அன்றிலிருந்து என் வலது சுட்டுவிரலை மடக்குவதில்லை. தேத்தண்ணிக் கோப்பை பிடிக்கும்போதுகூட அது தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிறது.

நேற்று அந்தக் கேள்வியைக் கேட்டபோது உன் வீட்டுக்காரி என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.