உதிர்ந்த லேபிள்

அடி நெட்டச்சி,

ஒன்பது வருஷம் கழித்து எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நம் ஆய்வகத்து பாக்டீரியா நினைவிருக்கிறதா? சோயா எண்ணெய்க் கழிவைப் பாதி தின்று நிறுத்தினால், மிச்சம் ஸ்டீராய்டு மருந்துக்கு மூலப்பொருள். விட்டால் மிச்சத்தையும் வழித்துத் தின்றுவிடும் தீனிப்பண்டாரம். அதை நிறுத்த நான் ஒரு மரபணுவை வெட்டினேன், நீ இரண்டை வெட்டினாய். உன்னுடையது நோஞ்சான், வேறு கிருமி கலந்தது என்று இயக்குநரிடம் சொன்னது நான்தான். அதோடு உன் வேலை போயிற்று.

இன்று காலை மரபணு அறிக்கை வந்தது. இத்தனை வருஷமாக என்னுடையதென்று தொட்டியில் வளர்வதில், எனக்குப் பதவி உயர்வு வாங்கித் தந்ததில், இரண்டு வெட்டு இருக்கிறது. மூன்று முறை எண்ணிப் பார்த்தேன்.

"அப்ப உங்களோடது எங்க மேடம்?" என்றாள் உதவியாளர். அறிக்கையை மூடி வைத்தேன்.

ஆய்வகத்தில் உன் கடைசி நாள். உறைபெட்டியில் நம் டப்பாக்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. குளிரில் லேபிள்கள் உதிர்ந்திருந்தன.

"இருடி, எது யாரோடதுன்னு நான் பாத்துச் சொல்றேன்" என்றாய், கையில் பையோடு.

"வேணாம், எனக்குத் தெரியும்" என்று நானே ஒன்றை எடுத்து, உன்னுடையதென்று வேகவைத்து அழித்தேன்.

காப்புரிமைப் படிவம் மேஜையில் கிடக்கிறது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன். அவர் இப்போது பணியில் இல்லையென்றால் காரணம் என்ன என்று அடுத்த வரி கேட்கிறது.

மதியத்திலிருந்து பேனா அங்கேயே நிற்கிறது.

இப்படிக்கு,
எனக்குத் தெரியும் என்றவள்